வெர்லீன் ஓட்டிய கறுப்பு இம்பாலா

வெர்லீன் ஸ்டபிள்ஃபீல்டுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. ஆர்லிங்டன் தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் ஓதா, தொண்ணூற்று நான்கில் அதை வாங்கி வாசலில் நிறுத்தியபோது, இந்தச் சவ வண்டியில் யாரைப் புதைக்கப் போகிறாய் என்று வெர்லீன் கேட்டாராம். இம்பாலா எஸ்எஸ் அந்த வருஷம் கறுப்பில் மட்டும்தான் வந்தது.

பார்ப்பதற்குக் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போகிற நீளமான வண்டி. உள்ளே இருந்ததோ ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்த இன்ஜினின் உடன்பிறப்பு. அடுத்த வருஷம் வேறு நிறங்களும் வந்தன. தொண்ணூற்றாறு டிசம்பரோடு அந்தக் காரின் கதை முடிந்தது. ஜனங்கள் உயரமான வண்டிகளைக் கேட்டார்கள், தொழிற்சாலை டிரக்குகளுக்கு மாறியது. ஓதாவும் சில வருஷம் டிரக் கதவுகளை மாட்டினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டின்போது மாரடைப்பில் போய்விட்டார்.

வெர்லீனுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கார் ஓட்டத் தெரியாது. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற, எங்கள் சர்ச்சைச் சேர்ந்த ஹோசியா புரூயிட்தான் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். வண்டி உறுமும்போதெல்லாம் வெர்லீன் பிரேக்கில் ஏறி நிற்பார். ஹோசியாவின் தலை முன்கண்ணாடி வரை போய் வரும்.

சில வருஷம் கழித்து ஹோசியாவின் சிறுநீரகங்கள் கெட்டன. அதற்கு முன்பே என்னுடையவை போயிருந்தன. செவ்வாய், வியாழன், சனி என்று எங்கள் இருவரையும் வெர்லீன் டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனார். ஹோசியா முன்னால், நான் பின்னால். எங்களைச் சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போவார்கள். வண்டியை விலைக்குக் கேட்டு இளைஞர்கள் வீடு தேடி வந்தார்கள். விற்றுவிடச் சொல்லி மகன் ராட்ரிக்கும் நச்சரித்தான்.

“வித்துட்டா இவங்கள யாரு கூட்டிட்டுப் போறது? நீ டல்லாஸ்லருந்து வருவியா?” என்று வெர்லீன் கேட்டார்.

ஒரு பிப்ரவரி சனிக்கிழமை, திரும்பி வரும் வழியில் ஹோசியா சொன்னார்: “இனிமே எனக்காக வராதீங்க சிஸ்டர். போதும்னு முடிவு பண்ணிட்டேன். டாக்டர்கிட்டயும் சொல்லியாச்சு.”

வெர்லீன் அவரை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினார். செவ்வாய்க்கிழமை காலையில் என்னை ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல ஹோசியாவின் வாசலில் போய் ஹாரன் அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஹோசியா வீட்டுச் செருப்போடு வெளியே வந்து முன்னிருக்கையில் உட்கார்ந்தார்.

“அங்க மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க.”

“வேற எங்க போறதுக்காம் வண்டியில ஏறுனீங்க?”

“முப்பது வருஷம் பஸ்ஸ உருட்டுனேன். வேகமா ஒரு தடவகூடப் போனதில்ல. இந்த வண்டி என்ன செய்யும்னு உங்க வீட்டுக்காரரு சொல்லிக் கேட்டதோட சரி.”

வெர்லீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். எனக்கு டயாலிசிஸ் ஊசி போடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டேன்.

ஆர்லிங்டன் போகும் நெடுஞ்சாலையில் ஏறியதும் வெர்லீனின் கால் ஆக்சிலரேட்டரில் மெல்ல அழுந்தியது. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. லாரிகள் பின்னால் விழுந்தன. வெர்லீன் உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தார். ஹோசியா ஒரு கையை டாஷ்போர்டின்மேல் வைத்து, அந்த அதிர்வை உணர்ந்துகொண்டு வந்தார். தொழிற்சாலைப் பக்கம் புது டிரக்குகள் வரிசையாக நின்றன.

“போதும் சிஸ்டர்,” என்றார்.

நான் டயாலிசிஸுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். நர்ஸ் திட்டினாள்.

ஹோசியா அதற்கு அடுத்த வாரம் இறந்தார். கடைசி இரண்டு நாள் வெர்லீன் அவர் கட்டில் அருகிலேயே இருந்தார். டயாலிசிஸை ஏன் நிறுத்தினார் என்று அவரிடம் கேட்கவே இல்லையாம். கேட்டிருந்தால் தன் கோபம்தான் பேசியிருக்கும் என்றார்.

அடக்கத்துக்கு மறுநாள் வியாழக்கிழமை. கார் என் வீட்டு வாசலில் வந்து நின்றது. நான் பழக்கத்தில் பின்கதவைத் திறந்தேன்.

“முன்னால வாங்க. தனியா ஓட்ட முடியல,” என்றார் வெர்லீன்.

போய் உட்கார்ந்தேன்.