டீசல் ஒழுகாத ஓட்டை

யோகநாதன் அண்ணையின் பழைய டீசல் வான் சுன்னாகத்தில் என் கராஜுக்கு முன்னால் வந்து தானாகவே நின்றது. கொஞ்சத் தூரம் ஓடும். பிறகு இழுவை இல்லாமல் விக்கி விக்கி நிற்கும். பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பை அடித்தால் திரும்ப ஓடும்.

அண்ணை புத்தூர்த் தோட்டக்காரர். பின்சீட்டில் அவர் மனைவி பூமணி அக்கா. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றுகிறார்கள். போன தவணை வான் வழியில் நின்று, மருந்து தவறிவிட்டது. அடுத்தது மறுநாள் காலை.

"ஓட்டோவிலை போகலாமே?" என்றேன்.

"அது குலுக்கிற குலுக்கிலை இவ சத்தியெடுத்துப் போடுவா. நீ இதைப் பார்" என்றார் அண்ணை.

பில்டருக்கும் எஞ்சின் பம்புக்கும் நடுவில், உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றைப் போட்டேன். ஸ்டார்ட் பண்ணினதும் காற்றுக் குமிழ்கள் ஓடின. டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கானில் இருந்து நேரே பில்டருக்கு டீசல் கொடுத்தேன். குமிழ் இல்லை. ஆக, டேங்குக்கும் பில்டருக்கும் இடையில்தான் காற்று உள்ளே போகிறது. எந்த இடத்தால்?

கீழே படுத்துப் பார்த்தேன். ஒரு துளி ஈரம் இல்லை. அந்தப் பகுதியில் பம்ப் உறிஞ்சுகிறது. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். டேங்கிலும் பில்டரிலும் உள்ள றப்பர் ஹோஸ்களை மாற்றினேன். கிளிப் மாற்றினேன். குமிழ் வந்துகொண்டே இருந்தது.

அக்கா இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, சீற்றுக்குக் கீழை இருக்கிற திருகுக்குள்ளாலை காத்துப் போகாதோ?"

"எந்தத் திருகு?"

"நீர் பூட்டினதுதானே. மறந்து போனீரோ?"

மறந்துதான் போனேன். டீசல் தட்டுப்பாட்டு நேரம், வானைக் கள்ளர் கொண்டு போகாமல் இருக்க, இரவில் டீசலை அடைத்து வைக்க லைனில் ஒரு வால்வு கேட்டார் அண்ணை. கடைகளில் சாமான் இல்லை. தோட்டத்துக்குப் பூச்சிமருந்தடிக்கிற மெசினின் பித்தளை வால்வைப் பூட்டிக் கொடுத்தேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே, யாருக்கும் தெரியாமல்.

"அந்தத் திருகை இன்னும் இரவிலை பூட்டுறனீங்களோ அண்ணை? தட்டுப்பாடு முடிஞ்சுதே."

"கள்ளன் முடியேல்லையே."

"சாமிக்கு விளக்குக் கொளுத்த மறந்தாலும் உதைப் பூட்ட மறக்கமாட்டார்" என்றார் அக்கா.

திருகுத் தண்டைச் சுற்றிக் கிறீஸ் அப்பினேன். குமிழ் குறைந்தது. பிறகு நின்றது. கழற்றினேன். உள்ளே றப்பர் வளையம் ஊதிக் கிழிந்திருந்தது. தண்ணீருக்குச் செய்த றப்பர். அதை டீசலுக்குப் போட்டவன் நான்.

வால்வை எடுத்துவிட்டு லைனை நேரே பொருத்தினேன்.

"இனிக் கள்ளன் வந்தால்?" என்றார் அண்ணை.

"கொண்டு போகட்டும். ஆனால் நாளைக்குப் பிறகு வரட்டும்" என்றார் அக்கா.

மறுநாள் காலை ரோட்டில் அந்த வானின் சத்தம் கேட்டது. ஹோர்ன் அடித்தார் அண்ணை. வான் நிற்காமல் தெல்லிப்பழைப் பக்கம் போனது.

இப்போது நான் முன்பு கை வைத்த வண்டி திரும்பி வந்தால், முதலில் என் வேலையைத்தான் கழற்றிப் பார்க்கிறேன்.