துல்லியாவின் வேனும் ஆமை ஸ்டிக்கரும்

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணனும் அண்ணியும் பேசியது நீவெஸுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. சைக்கிள் கடையின் பின்பக்கப் பட்டறையில் அவள் ஒரு பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அண்ணி துல்லியா ஒரு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

“இது என்ன?”

“ஹெல்மெட்,” என்றான் அண்ணன் இலாரியோ, வாய் நிறைய ரொட்டியோடு.

“அது தெரியுது. இந்த ஆமை ஸ்டிக்கர் எப்ப முளைச்சுது?”

“நேத்து. அழகா இல்ல?”

“புதன்கிழமை பாறையில விழுந்தே. வியாழக்கிழமை ஆமை வந்திருக்கு. அதை உரி பாப்போம்.”

“உரிச்சா கிழிஞ்சுபோகும்.”

“உள்ள தெர்மாகோல் விரிசல் விட்டிருக்கு. பாத்துட்டேன்.”

“மயிரிழை விரிசல்! என் தலையா விரிசல் விட்டுச்சு?”

“அடுத்த தடவை விழுந்தா அதுவும் விடும்.”

“மூணு வருஷமா இதைப் போட்டுத்தான் ஜெயிக்கிறேன். ஞாயித்துக்கிழமைப் போட்டிக்கும் இதுதான். சைக்கிள் ஏறவே தெரியாத சுங்கச்சாவடி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.” பிறகு தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தான். “போட்டியில ஹெல்மெட் சோதிக்கிற மேசையில நம்ம நீவெஸ்தானே? சரியா இருக்குன்னு ஒரு பச்சைப் பொட்டு ஒட்டி விட்டுடுவா.”

நீவெஸ் பிரேக்கைக் கழற்றுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

சுங்கச்சாவடி என்பது ஊர் துல்லியாவுக்கு வைத்த பெயர். எட்டு வருடமாக அவள் வேன் ஓட்டுகிறாள். கடலோரத்திலிருந்து மலைமுகடு வரை ஆட்கள், பின்னால் இழுவை வண்டியில் அவர்களுடைய சைக்கிள்கள்; அங்கிருந்து அவர்கள் மலைப்பாதையில் சைக்கிளில் இறங்குவார்கள். மேலே இறக்கியதும் ஒவ்வொருவர் தாடைப் பட்டையிலும் விரலை விட்டு இழுத்துப் பார்ப்பாள். தளர்வாக இருந்தால் சைக்கிளைக் கீழே எடுக்க விடமாட்டாள். முழங்கால் கவசத்தைக் கணுக்காலில் தொங்கவிட்டு நிற்பவர்களிடம், “ஏம்ப்பா, முட்டி அங்கேயா இருக்கு?” என்பாள். சிரிப்பார்கள். சிலர் அடுத்த முறை வேறு வேனில் ஏறிக்கொள்வார்கள். முதலாளியிடமும் அதற்குத் திட்டு வாங்குவாள்.

அவள் சமவெளியில் ஒரு லாரிக்காரரின் மகள். கல்யாணமாகி வந்த வருடம், கழுதைப்படி என்கிற செங்குத்துப் பாதையில் ஒரே ஒரு தடவை சைக்கிளில் இறங்கி, பாதியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதைச் சொல்லியே இன்றுவரை வாயை அடைக்கிறார்கள். ஆனால் பாதை முடியும் இடத்தில் வேனோடு காத்திருப்பவள் அவள்தான். தோள் எலும்பு உடைந்து நடந்து வருபவனும், தன் பெயரையே மறந்து உளறுபவனும் முதலில் வந்து சேர்வது அவளிடம்தான். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் எத்தனையோ முறை ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கிறாள்.

இலாரியோவுக்கு இது தெரியாததல்ல. வழிகாட்டி என்கிற முறையில் வெளியூர்க்காரர்களிடம் தினமும், “ஒரு தடவை அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுடுங்க, வெளியே ஒண்ணும் தெரியாது” என்று அவனே சொல்கிறான். அருகில் நின்று கேட்கும்போதெல்லாம் துல்லியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று சாயங்காலமே துல்லியா புது ஹெல்மெட் ஒன்றை வாங்கி வந்து கட்டில்மேல் வைத்தாள். அவன் அதில் எலுமிச்சம்பழங்களைப் போட்டு, “கூடைக்கு நன்றி” என்றான். பழைய ஹெல்மெட்டை ஒளித்துவைத்தாள். அரைமணி நேரத்தில் தேடி எடுத்துவிட்டான். மாமியாரிடம் சொன்னாள். “என் பையனுக்கு மலை தெரியும்” என்ற பதில்தான் கிடைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம், வேனைக் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரை நிறுத்திவிட்டு நீவெஸைக் கூப்பிட்டாள். கைகள் நனைந்திருந்தன.

“நாளைக்கு வரிசையில அவன் வந்தா, அண்ணன்னு பாக்காதே. அந்த ஆமையை உரிச்சுப் பாரு. பொட்டு ஒட்டாதே.”

“சரி அண்ணி.”

“இன்னொண்ணு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே, நீயாவே கண்டுபிடிச்ச மாதிரி இரு. என் பேரு அடிபட்டா, பொட்டு இல்லைன்னாலும் அந்த வீம்புக்கே அதைப் போட்டுட்டு இறங்குவான்.”