மத்திக் குழம்பில் தேறிய உடம்பு

கோம்பை ஊர் அய்யம்மாளுக்கு முன்பற்கள் இரண்டு கிடையாது. மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கணவன் ஈஸ்வரபாண்டி விட்ட குத்தில் விழுந்தவை. அவன் கம்பத்தில் வாழைக்காய் மண்டி லோடுமேன். ஒருமுறை அவள் விலா எலும்பையும் உடைத்திருக்கிறான். வேலை பார்க்கும் திராட்சைத் தோட்டத்தில் கேட்டவர்களிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள்.

2003 பங்குனியில் அவன் உடம்பு மண்டியிலேயே சாய்ந்தது. மாரடைப்பு. தேனி ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான்.

"மாத்திரைய விடக்கூடாது. பீடியும் ஆட்டுக்கறியும் வேண்டாம்" என்றார் டாக்டர். "வாரத்துல ரெண்டு மூணு நாள் மத்தி, அயிலை குடுங்க. அந்த மீன் கொழுப்பு இருதயத்துக்கு நல்லது. பொரிக்காம குழம்பா வைங்க, உப்பு கம்மியா."

குமுளி வழியாக வரும் மீன்வண்டி உத்தமபாளையத்தில் நிற்கும். அய்யம்மாள் பஸ் ஏறிப்போய் மத்தி வாங்கி வருவாள். முள் எடுத்து, சோற்றில் பிசைந்து ஊட்டினாள். அவனுக்குக் கை தூக்கவும் தெம்பில்லை. அத்தனை மாதமும் அவள்மேல் ஓர் அடி விழவில்லை. மெல்ல மூச்சிரைப்பு குறைந்தது, முகம் தெளிந்தது. பொங்கல் கழிந்து மண்டிக்குப் போனான்.

முதல் நாள் வேலை முடிந்து வந்தவன் ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தான்.

"உப்பில்லாம இன்னும் எத்தன நாளைக்குடி?"

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்புச் சட்டியை அப்படியே அவள்மேல் வீசினான். கழுத்திலிருந்து மார்புவரை வெந்தது. கூந்தலைச் சுருட்டிப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். இரண்டாம் முறை மோதும்போது அவள் கைக்கு விறகுக்கட்டை அகப்பட்டது. அவன் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. தோளில் இன்னொன்று போட்டாள்.

"நெஞ்சு வலிக்குதுடி" என்று உட்கார்ந்துவிட்டான்.

கட்டையோடு அவனையே பார்த்து நின்றாள். பிறகு அவன் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்து, ஆட்டோ பிடித்தாள்.

"இருதயம் நல்லாருக்கும்மா, கைதான் ஒடிஞ்சிருக்கு" என்ற டாக்டர் அவள் கழுத்தைப் பார்த்தார். "இது எப்படி?"

"கொழம்ப அவுக ஊத்துனாக. கைய நான் ஒடிச்சேன்."

வெந்த இடத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நேரே ராயப்பன்பட்டிக்கு, தங்கை ராமுத்தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாள் கழித்து மண்டிக்காரர் கர்ணன் தேடி வந்தார்.

"மனுசன் தனியாக் கெடக்காக ஆத்தா. வந்துரு."

"மருந்துச்சீட்டு அங்கனதான் இருக்கு. மீன்வண்டி எங்கன நிக்கும்னும் தெரியும். நான் வரல."

ஏழு வருடமாகிறது. ஈஸ்வரபாண்டி இன்னும் மண்டியில் வாழைத்தார் சுமக்கிறான். அய்யம்மாள் போகவில்லை. வெந்த தோல் இறுகிவிட்டதால், இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புகிறாள்.