பூட்டுப் போட்ட டீசல் டேங்க்

நின்றுபோன லாரியிடம் மெக்கானிக் போய்ச் சேருவதற்கு முன்பே தீர்ப்பு அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஸ்டார்ட் ஆகாத வண்டியின் முன்னால் சாவியோடு நின்று பழகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீக்கடைக்காரர் பேட்டரி என்பார். பின்னால் வந்த டிரைவர் பம்ப் என்பார். முதலாளி மட்டும் ஓர் ஆளின் பெயரைச் சொல்வார்.

தொண்ணூறுகளின் கடைசியில் பொம்மனஹள்ளியில் எனக்கு ஒரு லாரி ரிப்பேர் ஷெட் இருந்தது. வைட்ஃபீல்டு பக்கம் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்ததால் ஜல்லி லாரிகளுக்கு ஓய்வே இல்லை. அவற்றில் ஒரு பழைய ஆறு சிலிண்டர் லாரி என்னைப் படுத்திய பாட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலாளி முகம் பார்த்த வண்டி

லாரி கோவிந்தப்பாவுடையது. ஓட்டியவன் மாதப்பன், கிருஷ்ணகிரிக்காரன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜல்லி லோடோடு ஓசூர் ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்கும் எனக்கும் போன் செய்திருந்தான். நான்தான் முதலில் போனேன். பேட்டரி நன்றாக இருந்தது. எஞ்சின் வேகமாகச் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. அப்படியென்றால் டீசல் வரவில்லை. ஃபில்டர் மேலிருக்கும் திருகைத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை அழுத்தினேன். இருபது அழுத்தில் அங்கே டீசல் வழிய வேண்டும். அறுபது வரை எண்ணினேன், ஒரு சொட்டு வரவில்லை.

அப்போது கோவிந்தப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். டீசல் கணக்கு உதைக்கிறது என்று சந்தேகப்பட்டு, சமீபத்தில்தான் டேங்குக்குப் பூட்டு வைத்த புது மூடி போட்டிருந்தார். சாவி அவரிடம்தான் இருக்கும். மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். டேங்க் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. மூடிப் பூட்டிவிட்டு, "இப்ப அடிடா" என்றார். மாதப்பன் கைப்பம்பை அழுத்த, டீசல் பொங்கி வந்தது. திருகை இறுக்கிச் சாவியைத் திருப்பினான். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கோவிந்தப்பா அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நோடிதீரா மேஸ்திரி, பாத்தீங்களா, நான் வந்தா ஓடுது! வண்டிக்கு ஒண்ணும் ஆகல, டிரைவருக்குத்தான் என்னமோ ஆயிருக்கு."

மாப்பிள்ளையும் பெண் வீடும்

அடுத்த வெள்ளிக்கிழமையும் இதே கதை. சனிக்கிழமை மறுபடியும். இரண்டு தடவையும் முதலாளி வந்து, திறந்து, பார்த்து, திட்டி, மூடிய பிறகே வண்டி கிளம்பியது. எனக்கு வெட்கமாக இருந்தது. எஞ்சினுக்கு டீசல் தள்ளும் பம்பையும், அதைச் சிலிண்டருக்குள் தூவும் ஆறு நாசிலையும் கழற்றி, பிரேசர் டவுனில் அவற்றைச் சோதிக்கும் கடை வைத்திருந்த அன்வர் பாயிடம் கொண்டுபோனேன்.

பாய் நாசில்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். நான்கு புகை மாதிரி தூவின. இரண்டு, மூக்கு ஒழுகுகிற குழந்தை மாதிரி சொட்டின. டீசல் எங்கே போகிறது என்று கோவிந்தப்பா தேடிக்கொண்டிருந்ததற்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. இரண்டையும் மாற்றச் சொன்னேன். ஆனால் வண்டி நிற்பதற்கு அது காரணம் ஆகாது. பம்பை மிஷினில் ஏற்றி ஓட்டிவிட்டு பாய் கையைத் துடைத்துக்கொண்டார். டேங்கிலிருந்து டீசல் வருகிற குழாயைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்:

"அரே மேஸ்திரி, பம்ப் மாப்பிள்ளைகிட்ட ஒரு குறையும் இல்லே. போய் டேங்க்கைப் பாருங்க, பொண்ணு வீட்லதான் ஏதோ தகராறு."

சாவியும் பேரும்

பெண் வீட்டுப் பக்கம் இருந்த குழாய், வாஷர், ஃபில்டர் எல்லாம் புதிதாகப் போட்டேன். டேங்கை இறக்கிக் கழுவினேன். திங்கள் முதல் வியாழன் வரை லாரி குதிரையாக ஓடியது. வெள்ளிக்கிழமை நின்றது.

ஒழுகிய நாசில்களைக் காட்டியும் கோவிந்தப்பா மனம் மாறவில்லை. அவர் கணக்கு வேறு. டேங்குக்குப் பூட்டுப் போட்டதும் டிரைவருக்கு வரும்படி நின்றுபோச்சு, அந்தக் கோபத்தில் வண்டியை நிறுத்துகிறான். சனிக்கிழமை ஊருக்குப் போக வேண்டும், அதற்காகக் கடைசி டிரிப்பைக் கெடுக்கிறான். இதை லாரி ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களும் கேட்கச் சொன்னார். இன்னும் ஒரு தடவை நின்றால் வண்டிச் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். மாதப்பன் என் ஷெட்டுக்கு வந்து டயர் மேல் உட்கார்ந்தான். கொடுத்த டீ ஆறிப்போனது.

"வேலை போனா போவுது அண்ணே, வேற லாரி பாத்துக்குவேன். டீசல் திருடன்னு பேர் வந்துட்டா, இந்த ஓசூர் ரோட்டுல எவன் எனக்கு ஒரு சைக்கிளாச்சும் குடுப்பான்?"

டேங்க் விட்ட பெருமூச்சு

அந்த இன்னொரு தடவையும் வந்தது, வெள்ளிக்கிழமைதான். வைட்ஃபீல்டுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் லாரி நின்றிருந்தது. கோவிந்தப்பா வந்த வேகத்தில் சத்தம் போட ஆரம்பித்தார். சண்டை நடக்கிற இடத்தில் எனக்கு நிற்கத் தெரியாது. நைசாக நகர்ந்து, எதையோ பார்க்கிறவன் போல டேங்க் பக்கம் குனிந்துகொண்டேன்.

என் காதுக்குப் பக்கத்திலேயே அவர் சாவியைத் திருப்பினார். மூடி லேசில் வரவில்லை. பலமாக இழுத்தார். 'உஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் மூச்சடக்கி எழுந்தவன் காற்றை இழுப்பானே, அப்படி. மூடியைப் பார்த்தேன். சாவித்துளைக்குப் பக்கத்தில் சந்தனம் தடிமனாகக் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். வெள்ளிக்கிழமை காலையில் பூஜை போட்டு டேங்கை நிரப்பி அனுப்புவது அவர் வழக்கம். டீசல் லட்சுமி அல்லவா, புது மூடிக்கும் பொட்டு வைத்திருக்கிறார்.

அந்தச் சந்தனத்துக்கு அடியில்தான் காற்றுத்துளை இருக்க வேண்டும். டீசல் வெளியே போகப் போக அதன் வழியாகக் காற்று உள்ளே வரும். வராவிட்டால் டேங்க் டீசலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடமும் குறைவு, சீக்கிரமே மூச்சு முட்டும். முதலாளி திறந்தால் மூச்சு வரும். குலுக்கலில் திங்கட்கிழமைக்குள் சந்தனம் உதிர்ந்துவிடும். எல்லாம் பொருந்தியது.

அங்கேயே சுரண்டியிருக்கலாம். வண்டி ஓடியிருக்கும், பயந்துபோய் டிரைவர் ஒழுங்காகிவிட்டான் என்று ஸ்டாண்டில் பேசியிருப்பார்கள், திருடன் என்ற பேர் போயிருக்காது. அதற்குள் கோவிந்தப்பா வண்டிச் சாவிக்காக மாதப்பனிடம் கையை நீட்டிவிட்டார். நான் குறுக்கே புகுந்து சொன்னேன்: "வர்ற வெள்ளிக்கிழமை நீங்களும் வண்டியில ஏறுங்க. நிக்காம ஓடிச்சுன்னா அப்ப சாவியை வாங்கிக்குங்க." அவர் சிரித்துவிட்டார்.

"நான் உள்ள உக்காந்திருக்கும்போது நிக்குமா? அதுக்கு அவ்வளவு தைரியமா மேஸ்திரி?"

கேபினில் மூன்று பேர்

வெள்ளிக்கிழமை கோவிந்தப்பா பூஜையை அன்று கூடுதலாகவே செய்தார். டேங்க் நிரம்பியது. சந்தனம் தாராளமாக விழுந்தது. டேங்க் சாவி அவர் சட்டைப் பையில். லோடு ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். போன தடவை நின்ற இடத்தைத் தாண்டினோம். கோவிந்தப்பா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வைட்ஃபீல்டு மேடு வந்தது. எஞ்சின் இருமியது. இழுவை குறைந்தது. நடு மேட்டில் அணைந்தது.

அவர் முதலில் பார்த்தது மாதப்பனின் கால்களை. பிறகு வெளியே இழுத்தால் எஞ்சினை அணைக்கும் குமிழைத் தொட்டுப் பார்த்தார். அது உள்ளேதான் இருந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஸ்டாண்டைச் சேர்ந்த இரண்டு டிரைவர்கள் தங்கள் லாரிகளை விட்டு இறங்கி வந்தார்கள். மாதப்பன் பம்ப் அடித்தான், டீசல் வரவில்லை. கோவிந்தப்பா சாவியை எடுத்துக்கொண்டு டேங்குக்கு ஓடினார். "சாவி வேண்டாம்" என்றேன். சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, சந்தனத்தைச் சுரண்டித் துளைக்குள் விட்டேன். 'உஸ்ஸ்ஸ்.' அவர் விரலைப் பிடித்து அங்கே வைத்தேன். டேங்க் விரலை உறிஞ்சியது. அவர் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள்.

"இப்ப நீங்களே அடிங்க" என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கைப்பம்பை அழுத்தினார். மூடி பூட்டியபடியே இருந்தது. பத்தொன்பதாவது அழுத்தில் டீசல் அவர் கையில் வழிந்தது. மாதப்பன் சாவியைத் திருப்பினான். ஆறு சிலிண்டரும் ஒன்றாக உறுமின. வந்திருந்த டிரைவர்கள் விசிலடித்தார்கள். கோவிந்தப்பா டீசல் கையோடு கேபின் கதவில் ஏறி, டேங்க் சாவியை மாதப்பனிடம் நீட்டினார். ஹாரன் சத்தத்தையும் மீறி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்தா, இனி இது உன்கிட்டயே இருக்கட்டும். லட்சுமி மூக்கை நான் அடைச்சு வெச்சுட்டு, உன்னைத் திருடன்னு சொல்லிட்டேனேப்பா!"

அதற்குப் பிறகும் அந்த டேங்குக்கு வெள்ளிக்கிழமைப் பொட்டு தவறவில்லை, ஆனால் வைத்தவன் மாதப்பன், துளைக்கு ஒரு விரல் தள்ளி.