அவளுக்கு மட்டும் கேட்ட செய்தி

தருவைகுளம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குப் பார்வை இல்லை. கையில் கண்ணாடி நொறுங்கிய செல்போன். அவள் விரலால் தடவத் தடவ, அது வந்த செய்திகளை இயர்போனில் வாசித்துச் சொன்னது. கேட்டுக் கேட்டுக் குலுங்கிச் சிரித்தாள்.

“கண்ணாடி ஒடஞ்சிருக்கே,” என்றேன்.

“எங்க அண்ணன் தூக்கிப்போட்ட போனு, அக்கா. ஒடஞ்சா என்ன, நான் பாக்கவா போறேன்?”

கணவர் கப்பலில் வேலை செய்கிறாராம். இத்தனை நாள் அவர் அனுப்பியதையெல்லாம் நாத்தனார்தான் வாசித்துச் சொல்வாளாம்.

“அவ வாசிப்பான்னு ‘சாப்ட்டியா’க்கு மேல எழுதமாட்டாரு. இனிமே நானே கேட்டுக்கிடுவேன்னு நேத்து சொன்னேன். விடிஞ்சதுல இருந்து எழுதுதாரு!”

போன் மறுபடி அதிர்ந்தது. கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “என்ன எழுதிருக்காரு?”

“வெளிய சொல்லவாக்கா காதுல மாட்டிருக்கேன்?”

அவள் இறங்கிப் போன பிறகும் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படி என்னதான் எழுதியிருப்பார் அந்த மனிதர்?