புதன்கிழமை வட்டம்

அஜ்மானில் எங்கள் கட்டிடத்தின் ஏழாவது மாடியில் ஒரு ஜிம் உண்டு. நடக்கிற மிஷின்கள் இரண்டு, அதில் ஒன்று நடக்காது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. புதன்கிழமைகளில் மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை பெண்களுக்கு மட்டும் என்று நாத்தூரிடம் கேட்டு வாங்கினேன். வாட்ச்மேனை இங்கே அப்படித்தான் அழைக்கிறோம். "என்ன செய்வீங்க மேடம், யோகாவா?" என்று இந்தியில் கேட்டார். ஆடுவோம் என்றேன். நம்பாமல்தான் சாவியைக் கொடுத்தார்.

மற்ற பெண்களிடம் சுகர், முட்டிவலி, எடை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி அழைத்தேன். உண்மையான காரணம் என் எதிர் ஃபிளாட்டில் இருந்தது. அங்கே இருந்தவளுக்கு ஆறாவது மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு நான்கு மாதம் அவள் வாசலைத் தாண்டவில்லை. அவள் கணவர் துபாய் அல் கூஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், அதிகம் பேசாதவர். ஒருநாள் லிஃப்டில் பேசினார்.

"அக்கா, அவ வாயத் தொறக்கவே மாட்டேங்கா. டியூட்டி முடிஞ்சு போனா லைட்டு போடாம உக்காந்திருக்கா. இன்னும் ரெண்டு மாசம் பாப்பேன். சரியாகலன்னா ஊருக்கு அனுப்பிருவேன்."

"ஊர்ல யார் இருக்காங்க?"

"எங்கம்மா இருக்காவ."

மறுநாள் காலையில் அவள் கதவைத் தட்டினேன். பாதி திறந்த கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள். "அனுப்ப வேண்டாம்னு நீங்க சொல்லுங்கக்கா. அங்க தெனம் ஒருத்தர் வந்து எப்படிம்மா ஆச்சுன்னு கேப்பாவ. நான் தெனம் மொதல்லருந்து சொல்லணும்."

அதற்காகத்தான் ஆடத் தொடங்கினோம். அவளைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது.

துபாயிலிருந்து திரும்பும் ஆண்கள் ஷார்ஜாவைக் கடக்கத் திணறும் நேரம்தான் எங்கள் நேரம். ஒருத்தி போனில் மேப்பைத் திறந்து வைத்திருப்பாள். சாலை சிவப்பாக இருக்கிறவரை ஆட்டம். மஞ்சளானால் துப்பட்டாவைத் தேடுவோம். பச்சை தெரிந்தால் படியிறங்கி ஓடி, குக்கரை வைத்துவிட்டு, அன்று முழுக்க அடுப்படியிலேயே நின்றதுபோல முகத்தை வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்க்கார அம்மா, ஐம்பத்தைந்து வயது, கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே சொல்வார்: "பாலத்துல நல்லாச் செவந்து கெடக்குதுங்க. எங்கூட்டுக்காரரு இன்னும் அரைமணி நேரம் அங்கயே நல்லா இருக்கட்டும். அடுத்த பாட்டப் போடுங்க."

யாருக்கும் முறையாக ஆடத் தெரியாது. கும்மி தெரிந்தது, கல்யாண வீடுகளில் பார்த்த சினிமா ஆட்டம் தெரிந்தது. கடைசிப் பாட்டுக்கு மட்டும் எல்லோரும் கைகோத்து வட்டமாகச் சுற்றுவோம். மூச்சிரைக்கும். வெட்கம் வியர்வையோடு போய்விடும். சிலர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுவார்கள், அதை யாரும் கேட்கமாட்டோம்.

முதல் மூன்று வாரம் அவள் ஓடாத மிஷினின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நான்காவது வாரம் ஸ்பீக்கரை அவள் கையில் கொடுத்து, இனி இது உன் வீட்டில் இருக்கட்டும், சார்ஜ் போட்டுக் கொண்டுவருவது உன் பொறுப்பு என்றேன். பொறுப்பு ஒரு மனுஷியை வெளியே இழுக்கும் என்று எனக்குத் தோன்றியது. இழுத்தது. பிறகு மேப் பார்க்கும் வேலையும் அவளுடையதாயிற்று. பிறகு ஒருநாள், யாரும் கூப்பிடாமலே, இரண்டு கைகளுக்கு நடுவே தன் கைகளைக் கொண்டுவந்து நுழைத்துக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்த்தால் நின்றுவிடுவாளோ என்ற பயம்.

அவள் கணவர் மறுபடியும் லிஃப்டில் பிடித்தார். "நேத்து தோச சுடும்போது பாடுதா அக்கா. நான் ஹால்ல அசையாம உக்காந்திருந்தேன்." டிக்கெட் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்களோடு ஆடிய மதுரைப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் வந்தது. அவள் அம்மாவால் வர முடியவில்லை. இங்கே வளைகாப்பு என்றால் அம்மா, அத்தை, நாத்தனார் எல்லாம் நாங்கள்தான். ஆளுக்கொரு சோறு கிளறி, மீனா பஜாரில் கண்ணாடி வளையல் வாங்கி, புதன்கிழமை ஜிம்மிலேயே வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. பேசுவதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் வேண்டும். எதிர் ஃபிளாட்டுக்காரியை மட்டும் விட்டுவிட்டு ஒரு புதுக் குரூப் தொடங்கப்பட்டது. தொடங்கியது நான்.

கோயம்புத்தூர் அம்மா எழுதினார்: பாவமுங்க, அந்தப் புள்ள மனசு நொந்துபோகுமுங்க. மதுரைப் பெண் எழுதினாள்: எங்கம்மா போன்ல சொன்னாங்க, யார் யார் வர்றாங்கன்னு கொஞ்சம் பாத்துக்கன்னு. இரண்டுக்கும் ஒரே கட்டைவிரலைப் போட்டேன். முதல் வரிக்குத்தான் போட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளிடம் போய், "இந்த வாரம் ஆட்டம் மாஃபி, கெடையாது. நாத்தூர் சாவி தரமாட்டேங்கறார், ஏதோ ரிப்பேராம்" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

அந்தப் புதன்கிழமை ஸ்பீக்கர் இல்லாமல் வாயாலேயே பாடினோம். மதுரைப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. ஐந்தாவது ஆளாக நான் வளையல் ஏற்றிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. நாங்கள் யாரும் அதைத் தாழிடவில்லை.

அவள் நின்றாள். சுடிதார்மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டியிருந்தாள். காலில் செருப்பில்லை. கையில் ஸ்பீக்கர்.

ஆட்டம் இல்லை என்றதும், நாத்தூரிடமே போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று கீழே போயிருக்கிறாள். அவர், ரிப்பேர் ஒன்றும் இல்லையே, திறந்துதான் இருக்கிறது என்றிருக்கிறார். அப்படியென்றால் தனியாகவே கொஞ்ச நேரம் ஆடலாம் என்று வந்திருக்கிறாள். நான்கு மாதம் வாசல் தாண்டாதவள், யாருடைய துணையும் இல்லாமல், ஆடுவதற்காக, ஏழு மாடி ஏறி வந்திருக்கிறாள். இதைப் பிறகு நாத்தூர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பாட்டு நின்றுவிட்டது. மதுரைப் பெண்ணின் கை, அவளை அறியாமல், வயிற்றின்மேல் போயிற்று. வா என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம். என் விரல்களுக்கிடையில் இரண்டு வளையல்கள் இருந்தன, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஸ்பீக்கரை ஓடாத மிஷின்மேல் வைத்தாள். "சார்ஜ் ஃபுல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள்.

டிக்கெட்டை அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். ஒன்பது நாள் கழித்து, பெட்டிகள் லிஃப்டுக்குப் போனபிறகு, அவள் வீட்டு வாசலில் நின்றோம். நான் அழுதேன். அவள் அழவில்லை.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்மா" என்றேன்.

"தெரியும்க்கா. எங்க பக்கத்துல இந்த மாதிரி ஆனவளையும் கூப்பிட்டு உக்கார வச்சு, அடுத்தது நல்லபடியா வரட்டும்னு ரெண்டு வளையல் போட்டு அனுப்புவாவ. உங்க பக்கம் இல்லபோல."

எங்கள் பக்கத்திலும் உண்டு. திருச்சியில் என் சித்திக்கு அப்படிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கீழேயிருந்து அவள் கணவர் போன் அடித்தார். வருதேன் என்று வைத்தவள், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. வட்டமா ஆடும்போது என் கையப் புடிக்க யாராச்சும் பயந்தாவளா?"

வளைகாப்புக்கு இரண்டு வாரம் முன்பு, கடைசிப் பாட்டு தொடங்கும்போது, மதுரைப் பெண் அவள் பக்கத்திலிருந்து நழுவி எதிர்ப்பக்கம் போய் நின்றதும், காலியான அந்தக் கையைக் கோயம்புத்தூர் அம்மா சட்டென்று பிடித்துக்கொண்டதும் என் கண்முன் வந்தன. அன்றைக்கே பார்த்தவள்தான் நான்.

"இல்லம்மா" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு லிஃப்ட் பட்டனை அழுத்தினாள்.