வரிசையாகச் சைபர்

திண்டிவனத்தில் நான் கூட்டிப் பெருக்கிய பிரவுசிங் சென்டருக்கு ஒரு சார் திங்கட்கிழமைதோறும் வருவார். மூக்குக்கண்ணாடிக் காலில் நூல் சுற்றியிருக்கும். எந்த வார்த்தையை நெட்டில் எவ்வளவு பேர் தேடினார்கள் என்ற கணக்கை, அவர் எழுதிய புரோகிராம் தானாக இறக்கும். அதுவரை பூசையில் இருப்பதுபோல் கைகட்டி உட்கார்ந்திருப்பார்.

யாரிடமும் எதுவும் கேட்காதவள் நான். அன்று கேட்டேன்.

"எங்க ஊரு கெடார் பேரைப் போடுங்க சார். எம் புள்ள சொல்லாம போயி ஆறு வருசமாச்சு. ஊரைத் தேடிக்கினு இருக்கானான்னு பாக்கணும்."

"யாருன்னு வராதும்மா. எவ்ளோன்னுதான் வரும்" என்று கெடாரைப் பட்டியலில் சேர்த்தார்.

எழுத்து எனக்கு அரைகுறை, சைபர் தெரியும். வரிசையாக அதுதான் வந்தது.

"மறந்துட்டான், அவ்ளோதானே?"

"இல்லம்மா. நாலஞ்சு பேரு மட்டும் தேடினா, இது சைபர்னுதான் காட்டும்."

எனக்காகச் சொன்னாரோ, உண்மைதானோ. அடுத்த திங்கட்கிழமை, நான் கேட்காமலே கெடார் என்று அடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்.